குருசடிக்கு மேற்கே

6-1-2025, திங்கள்

கட்டுரை போக வேண்டிய வரிசை:

1. ஊர் இன்று இருக்கும் விதம். துறைமுகம், கடைத்தெரு, கடற்கரைக் குடியிருப்பு. அரைப் பக்கம் போதும்.
2. பெயர் எழுதப்பட்ட விதங்கள். போர்த்துகீசியர் கடற்படத்தில் ‘ஓட்டுத்தோரே’. டச்சுக்காரர் கடிதத்தில் ‘ஊத்தெதூர்’. ஆங்கிலேயருக்கு ‘ஊட்டூரி’. திருவிதாங்கூர் ஆவணத்தில் ‘ஊற்றுதொற’. இன்று அரசுப் பலகையில் ஊற்றுத்துறை, பஸ் பலகையில் ஊத்துத்துறை.
3. பெயருக்குக் காரணமான ஊற்று எது? எங்கே இருந்தது?
4. கப்பல்கள் இங்கே நின்ற காரணம்: குடிக்க நல்ல தண்ணீர்.
5. முடிவுரை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியால் யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஓய்வுபெற்றவர்களின் பொழுதுக்கு உகந்தது என்று பணிவாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

ஊற்றுத்துறை வர்த்தகர் சங்கம் துறைமுக மலர் ஒன்று கொண்டுவருகிறது. சங்கச் செயலாளர் ராஜகுமார் நேற்று சுசீந்திரத்தில் என் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார். “அந்த ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ்ல பதினோரு வருஷம் இருந்திருக்கிய. சரித்திரத்துல எம்.ஏ. ஒங்கள விட்டா ஆரு எழுதுவா?” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? எழுபத்தாறு வயதில் முதல் கட்டுரை.

மனைவி கோமளவல்லி, “நாலு தடவ ஒட்டினது சரியாண்ணு பாக்காம ஒரு தபால் போட மாட்டிய. மலரு அடுத்த வருஷம் தான் வரும்” என்கிறாள்.

9-1-2025, வியாழன்

தேர்த் திருவிழாக் கூட்டம். பஸ் கோயில் பக்கம் வரவில்லை. நூலகம் போக முடியவில்லை.

17-1-2025, வெள்ளி

பழைய நோட்டுகளை எடுத்தேன். ஊற்றுத்துறையில் இருந்த காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் அரை மணியில், பழைய பத்திரங்களில் சுவையாகத் தெரிந்தவற்றைக் குறித்துவைப்பேன். அங்கே கடைநிலை ஊழியராக இருந்த சகாயம் தான் அடுக்கிலிருந்து எடுத்துத் தருவார். “சாருக்கு சோறு தின்னா செமிக்கதுக்கு தூசி வேணும்” என்பார். அவர் கடற்கரைக்காரர். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

மூன்றாவது நோட்டில் தேடியது கிடைத்தது. கொல்லம் ஆண்டு 1071-இல் (1896 வாக்கில்) சிலுவைமுத்து என்ற கடற்கரைக்காரர் சொல்ல, எழுத்தன் எழுதிய பத்திரம். எல்லை சொல்லும் இடத்தில்: ‘குருசடிக்கு மேற்கே முப்பது கோல் தள்ளி ஊற்று, ஊற்றைச் சுற்றிக் குடிகள்.’

குருசடி இன்றும் அதே இடத்தில் நிற்கிறது, கடற்கரைக்கு இறங்கும் பாதையில், கல்லால் ஆன குருசு, அதாவது சிலுவை. அதற்கு நேர் மேற்கே கடைத்தெருக் கிணறு. நில அளவைப் படத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். திசை சரி. தூரம் மட்டும் இடிக்கிறது. கிணறு முப்பது கோல் இல்லை, ஏறக்குறைய தொண்ணூறு. நகல் எடுத்தவர் எண்ணில் தவறியிருக்கலாம். எங்கள் தொழிலில் அது சகஜம்.

அப்படியானால் ஊருக்குப் பெயர் தந்தது கடைத்தெருக் கிணறு. முதலில் உண்டானது கடைத்தெரு. கடற்கரைக் குடியிருப்பு பின்னால் வந்ததாக இருக்கலாம். அப்படியே எழுதினேன், ‘இருக்கலாம்’ என்று. அதற்கு முன்னால் ‘பெரும்பாலும்’ என்று ஒன்று சேர்த்தேன். பிறகு அதை அடித்தேன். பிறகு மறுபடி சேர்த்தேன்.

2-3-2025, ஞாயிறு

மலர் வெளியீடு. மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். நல்ல வேளை, பேசச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் பிரித்துப் படித்தேன். ‘கடற்கரைக் குடியிருப்பு பின்னால் வந்ததே’ என்று இருக்கிறது. ‘பெரும்பாலும்’ இல்லை. ‘இருக்கலாம்’ இல்லை. ராஜகுமாருக்குப் போன் செய்ய எடுத்தேன். துண்டு இன்னும் தோளில் கிடந்தது. வைத்துவிட்டேன். இரண்டு சொல் தானே?

சகாயம் விழாவுக்கு வரவில்லை. தை மாதம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். படுக்கைதான். எனக்குத் தெரியாமல் போயிற்று. போய்ப் பார்க்க வேண்டும்.

20-4-2025, ஞாயிறு

சகாயத்தைப் பார்க்கப் போகவில்லை. வெயில்.

12-6-2025, வியாழன்

காலை பத்து மணிக்கு ஜின்சி வந்தாள். சகாயத்தின் மகள். மீன் ஏலக்கூடத்தில் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். மழையில் நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

மீன் லாரிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று வர்த்தகர் சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது. குருசடிக்குக் கீழே கடலோரமாக இருக்கும் இருபத்திரண்டு வீடுகளுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. யாருக்கும் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம் என்பது ஒன்றுதான் அவர்கள் கையில். அது பொய், அவர்கள் பின்னால் வந்தவர்கள் என்பதற்குச் சங்கம் ஓர் அச்சுப் பிரதியை இணைத்திருக்கிறது.

அவள் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். என் கட்டுரை. அந்த வாக்கியத்தின் கீழே சிவப்பு மையில் கோடு.

“இது நீங்க தானே சாரே?”

ஆமாம் என்றேன்.

“ஆட்சேபம் சொல்ல ஜூலை நாலு வரைக்கும் நேரம் உண்டு. அப்பாவுக்கிட்ட இன்னும் சொல்லல்ல. சொன்னா சிரிப்பாரு. எனக்கு சிரிப்பு வரல்ல.”

கோமளவல்லி காபி கொண்டுவந்தாள். ஜின்சி நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் பொய் எழுதவில்லை. பத்திரத்தில் இருந்ததைத்தானே எழுதினேன்? மறுபடி நோட்டைப் பார்த்தேன். ‘குருசடிக்கு மேற்கே.’ மேற்கே தான். என்ன செய்ய.

14-6-2025, சனி

ராஜகுமாரைக் கடையில் பார்த்தேன். இரும்புக் கடை. எனக்கு நாற்காலி போட்டு, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். ‘இருக்கலாம்’ விட்டுப்போனதைச் சொன்னேன்.

“விட்டுப்போகல்ல சார், நான் எடுத்தது தான். பக்கம் பத்தல்ல. அதுவுமில்லாம, மலருல போயி இருக்கலாம், இருக்கலாம்ணு எழுதினா மரியாதையா?” சிரித்தார். “சார் பயப்படண்டாம். அவங்கள நடுத்தெருவுல விடல்லியே. ஆரல்வாய்மொழி ரோட்டுல அரசு கட்டின அடுக்கு வீடு சும்மா கிடக்கு. நல்ல டைல்ஸ் போட்டது.”

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியவில்லை. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, என் வாக்கியத்தைக் கல்லில் வெட்டி, கீழே என் பெயரையும் வைக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன்.

24-6-2025, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சகாயத்தைப் பார்க்கப் போனேன். மழை பிடித்திருந்தது. கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகுகிறது. கட்டிலைத் திருப்பிப் போட ஜின்சியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இரண்டு முனையைப் பிடித்திருந்தார்கள். ஜின்சி, “அப்பாவுக்க தலைய கெழக்க வச்சிப் போடு” என்றாள். திருப்பிப் போட்டார்கள். தலை நேர் வடக்கே.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் வடக்கே தலை வைத்துப் படுக்க விடமாட்டோம். தயங்கித் தயங்கி, “வடக்க தலை வச்சிருக்கே, பரவாயில்லியா?” என்றேன்.

“வடக்கா? கெழக்கல்லியா இது” என்றாள் ஜின்சி.

“இல்ல ஜின்சி, கடல் அந்தப் பக்கம் தெற்குல இருக்கு. அப்போ இது வடக்கு.”

அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். கட்டிலில் கிடந்த சகாயமும் சிரித்தார். இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

“இவரு சூரியனுக்க கெழக்கச் சொல்லுகாரு மக்களே. சாரே, நமக்கு கடலு மேக்கு, கர கெழக்கு. மேக்க போனான்னா கடலுக்குப் போனான்னு அர்த்தம். சூரியன் எங்க உதிச்சா நமக்கென்ன? மீனு அங்க உதிக்காதே.”

“பதினோரு வருஷம் ஒரே ஆபீஸ்ல இருந்தோம். ஒரு நாள் கூடச் சொல்லலியே.”

“சாரு கேட்டியளா?”

கேட்கவில்லை. அலுவலகம் கடைத்தெருவில். நான் கடற்கரைக்கு இறங்கியதே பதினோரு வருஷத்தில் நாலைந்து முறை, அதுவும் கல்யாணத்துக்கு.

எழுந்து நின்றுகொண்டு, ஜின்சியிடம் கேட்டேன்: “குருசடிக்கு மேற்கே என்ன இருக்கு?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையணையைத் தட்டிக்கொண்டே, “எங்க வீடு” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். சிறுவயதில் கோடையில் இந்த முற்றத்தில்தான் மணலை மாந்திக் குழி தோண்டி நல்ல வெள்ளம் கோருவார்களாம். கடலுக்கு அத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். குழாய் வந்தபிறகு யாரும் தோண்டுவதில்லை.

மழையிலேயே குருசடிக்குப் போய் அங்கிருந்து கடலைப் பார்த்துக் காலடியால் அளந்து வந்தேன். முப்பது கோல், அவர்கள் முற்றத்தில் வலை வைக்கும் கொட்டகையில் வந்து முடிந்தது. தூரம் இப்போது இடிக்கவில்லை.

மேற்குக் கரையோர ஊர்களில் கடல் உண்மையாகவே மேற்கில் இருக்கிறது. இங்கே கரை வளைந்து தெற்கு நோக்கி நிற்கிறது. கரை வளைந்தது, பேச்சு வளையவில்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். சிலுவைமுத்து சொல்லச் சொல்லத்தானே எழுத்தன் எழுதினான்?

கட்டுரைக்குப் போட்ட வரிசையில் மூன்றாவது குறிப்பு தவறு.

25-6-2025, புதன்

ஜின்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். “அப்போ அத எழுதித் தாருங்க” என்றாள். தருகிறேன், ஆனால் ஒரு கட்டிலைத் திருப்பியதை வைத்து எழுத முடியாது, குறைந்தது மூன்று சான்று வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க அப்பா மூணு தடவ விழுந்தாத்தான் விழுந்தாருன்னு எழுதுவியளோ?”

அவள் சொல்வது நியாயம். ஆனால் ஒரு முறை அவசரப்பட்டுத்தானே இந்த நிலை? இல்லை, அப்போது அவசரப்படவும் இல்லை. நிதானமாகவே தவறு செய்தேன்.

வேண்டியது: கடற்கரைக்காரர் சொல்லி எழுதிய வேறு பத்திரங்கள். அவற்றில் ‘மேற்கே கடல்’ என்று இருந்தால் போதும்.

28-6-2025, சனி

ஒன்று கிடைத்தது. என் ஐந்தாவது நோட்டிலேயே. ‘மேற்கே சமுத்திரம்’ என்று தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘பிழை. தெற்கு என்று கொள்க.’

என் கையெழுத்து. 1989.

30-6-2025, திங்கள்

ஆவண அறையில் இரண்டு நகலுக்கு மனுப் போட்டேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கோமளவல்லி, “உள்ளத வச்சி எழுதிக் குடுத்தா என்னவாம்?” என்றாள். இரண்டு நகலும் வரட்டும் என்றேன்.

8-7-2025, செவ்வாய்

நகல்கள் வந்தன. இரண்டிலும் ‘மேற்கே கடல்.’ சந்தேகத்துக்கு இடமில்லை. உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன், எண் போட்டு, இணைப்புகளோடு. இவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை.

மேலே தேதி போடும்போதுதான் கண்டேன். ஜூலை எட்டு.

நாலாம் தேதியோடு நேரம் முடிந்துவிட்டது. தெரியாதா எனக்கு? ஜின்சி சொன்ன அன்றே நாள்காட்டியில் வட்டம் போட்டேன். நேற்றுவரை தினமும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் எப்படி — என்ன சொல்லுகது. எழுத ஒன்றும் இல்லை.

15-7-2025, செவ்வாய்

விசாரணை. தேதி தாண்டிய தாளை வாங்க மாட்டார்கள், நேரில் வந்து சொல்லலாம் என்று கடற்கரைக்காரர்களுடைய வக்கீல் சொன்னதால் போனேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

“இந்தக் கட்டுரை நீங்க எழுதினதுதானே ஐயா?”

ஆமாம்.

“இப்ப அது தப்புன்னு சொல்றீங்க. எழுதினப்ப சரின்னு நினைச்சீங்களா?”

நினைத்தேன்.

“அந்தப் பத்திரத்துல மேற்குன்னா கடல்தான்னு உறுதியா சொல்ல முடியுமா?”

சுவரோரமாக இருபது, முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஜின்சி முன்னால் நின்றாள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயில் வந்தது என்ன தெரியுமா?

“பெரும்பாலும்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? உறுதியாகத் தெரியும். நாலு சான்று இருக்கிறது. ஆனால் செத்துப்போன ஒருவன் மனசில் நினைத்த மேற்கை உறுதியாகத் தெரியும் என்று எப்படிச் சொல்வது என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது. அச்சிலிருந்து எடுத்துவிட்ட சொல், வேண்டாத இடத்தில் வந்து நின்றது.

வெளியே வந்ததும் ஜின்சி வானத்தைப் பார்த்தாள். “மழ வருகு. சாரு பஸ்ஸப் பிடியும்” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

16-7-2025, புதன்

காய்ச்சல்.

8-10-2025, புதன்

உத்தரவு வந்துவிட்டது. இருபத்திரண்டு வீடும். மேல்முறையீடு பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அடுக்கு வீட்டுச் சாவியைப் பாதிப் பேர் வாங்கிவிட்டார்களாம். மழையில் ஒழுகும் வீட்டில் எத்தனை நாள் நியாயம் பேச முடியும்?

உத்தரவில் என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில் ‘ஆய்வாளர்’, இன்னொரு இடத்தில் ‘நிலையற்ற சாட்சி’. இரண்டும் ஒரே ஆள்.

21-11-2025, வெள்ளி

திருத்தக் கட்டுரையை மலருக்கு அனுப்பினேன். அடுத்த மலர் எப்போது என்று தெரியாது என்று ராஜகுமார் பதில் எழுதியிருக்கிறார். கிணற்றில் கல் வைத்தாயிற்று. போட்டோவும் இணைத்திருக்கிறார். என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று வெட்டியிருக்கிறார்கள். நான் முனைவர் இல்லை.

8-2-2026, ஞாயிறு

இன்று சகாயம் வீட்டுக்குப் போனேன். ஆரல்வாய்மொழி ரோட்டில். கண்டக்டர் ‘ஊத்துத்துற கோட்டர்ஸ்’ என்று கூப்பிட்டு இறக்கிவிட்டார். கடல் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சுற்றிலும் காற்றாலைகள். கட்டுரையின் இரண்டாவது குறிப்பில் உள்ள பெயர்ப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

டைல்ஸ் நல்லதுதான். ஒழுகவில்லை. சகாயம் கட்டிலில் கிடந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும், “சாரே, தூசி கொண்டு வந்தியளா?” என்றார். ஜின்சி ஏலக்கூடத்துக்கு இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள். காலை மூன்றரைக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டுமாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னாள்.

ஜன்னலில் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டால் நல்லது என்றேன். நான் ஒரு முனையைப் பிடித்தேன். ஜின்சி மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

“சாரே, இங்க கெழக்கு எது?”

என் பையில் சின்னத் திசைகாட்டி இருந்தது. அன்று குருசடியில் வெறும் காலடியால் அளந்ததற்குப் பிறகு வாங்கியது. கட்டில் முனையைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துக் காட்டினேன். ஊசி நின்றது. இதோ இதுதான் கிழக்கு என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

“இது ஒங்க கெழக்கு” என்றாள்.

சகாயம் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஜின்சி தன் முனையை மறுபடி தூக்கினாள். பிறகு, “எங்கயாவது போடும் சாரே. வெயில் படாம இருந்தா போதும்” என்றாள். போட்டோம்.

வீட்டுக்கு வந்து போன வருஷ நாட்குறிப்பை எடுத்து முதல் பக்கத்தில் இருக்கும் கட்டுரை வரிசையைப் படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு என்று முன்பே எழுதிவிட்டேன். அது திருத்தக்கூடியது. திருத்தியும் விட்டேன், நாலு பக்கம், இணைப்புகளோடு.

‘யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.’ ஐந்தாவது குறிப்பும் தவறு.